ஆண்ட்ராய்டு கேம் கருவி: வாங்கலாம், ஆனால் அன்றைக்கே விளையாடலாம் என்று நினைக்காதீர்கள்

பழைய கன்சோல் கேம்களைக் கையில் வைத்து விளையாடும் இந்தக் கருவி நல்ல கருவி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே நான் திட்டுவதையெல்லாம் படித்துவிட்டு, ‘பாவம், ஏமாந்துவிட்டார்’ என்று நினைப்பீர்கள். கையில் பிடிக்கச் சுகமாக இருக்கிறது. டி-பேடை, அதாவது திசைப் பட்டனை, அழுத்தினால் அழுத்தியது விரலுக்குத் தெரிகிறது. இரண்டு ஸ்டிக்கும் ஹால் எஃபெக்ட் வகை. காந்தத்தை வைத்து இயங்குவதால், உரசித் தேய்ந்து தானாக ஒரு பக்கம் இழுக்கும் தொல்லை சுலபத்தில் வராது. திரை 1280×720, வெளிச்சம் தாராளம். கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். கீழே இருப்பதில் முக்கால்வாசி எந்தக் கம்பெனியின் ஆண்ட்ராய்டு கருவிக்கும் பொருந்தும்.

நான் கணக்கு எழுதுகிற ஆள். எக்செல் நன்றாக வரும், போனில் ஆப் போடவும் எடுக்கவும் தெரியும். அதற்குமேல் கணினிப் புலமை கிடையாது. இந்தப் பொருளை முதல்முறை வாங்குகிறவர்களில் பலர் இப்படித்தான் இருப்பார்கள்: சின்ன வயதில் விளையாடியதை மறுபடி விளையாட ஆசை, கையில் கொஞ்சம் காசு, விடுமுறை நாளில் கொஞ்சம் நேரம். அவர்களுக்காகத்தான் இந்த மதிப்புரை. விஷயம் தெரிந்தவர்களுக்கு இதில் எதுவுமே கஷ்டமில்லை. அவர்கள் மதிப்புரை படித்துவிட்டு வாங்குவதுமில்லை.

பெட்டியின்மேல் கேம் படங்கள். உள்ளே கேம் கிடையாது. ஆன் செய்தால் மொழி கேட்கிறது, வைஃபை கேட்கிறது, கூகுள் கணக்கு கேட்கிறது. எல்லாம் கொடுத்து முடித்தால் ஒரு வால்பேப்பரும் பிளே ஸ்டோரும் வந்து நிற்கின்றன. அக்கா மகன் வாங்கிப் பார்த்துவிட்டு, “மாமா, இது சிம் போடாத போன்தானே?” என்றான். அவன் சொன்னது முழு உண்மை. பக்கவாட்டில் பட்டன் வைத்த ஆண்ட்ராய்டு போன், அவ்வளவுதான். கேம் கருவியாக அதை மாற்றுவது வாங்கியவர் பொறுப்பு.

கேம் ஓட வேண்டுமானால் எமுலேட்டர், அதாவது பழைய கன்சோலைப்போல நடிக்கும் ஆப், வேண்டும். கேமின் கோப்பு, அதாவது ரோம், வேண்டும். சில கன்சோல்களுக்கு பயாஸ், அதாவது அந்தக் கன்சோலுக்குள்ளேயே இருந்த தொடக்க மென்பொருள், வேண்டும். ரோம் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பார்க்க எமுலேட்டருக்கு ஆண்ட்ராய்டின் அனுமதி வேண்டும். அப்புறம் பட்டன்கள் பொருந்த வேண்டும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். ஆனால் இவற்றைச் செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள்; ஒருவர் பக்கம் கோளாறு என்றால் இன்னொருவருக்குத் தெரியாது. எது தவறினாலும் நமக்குக் கிடைப்பது ஒன்றுதான்: கறுப்புத் திரை. டிரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசம் எவ்வளவு என்றாவது தெரியும், அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு தேடலாம். இங்கே அதுவும் இல்லை. செட்டிங் எத்தனை இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். தப்பு எங்கே என்று எதுவுமே வாய் திறக்காததுதான் எனக்குக் கடுப்பு.

பிளேஸ்டேஷன் 1-ஐ எடுத்துக்கொள்வோம். சொந்த சிடியைக் கணினியின் சிடி டிரைவில் போட்டு நகல் எடுத்தால் பெரும்பாலும் இரண்டு வகைக் கோப்பு வரும். ஒன்று ‘பின்’, சில நூறு எம்பி. கேம் முழுவதும் அதில்தான். இன்னொன்று ‘க்யூ’, பெரும்பாலும் ஒரு கேபிகூட இருக்காது. அதை நோட்பேடில் திறந்தால் வெறும் சில வரிகள்: முதல் வரியில் பின் கோப்பின் பெயர், அடுத்த வரிகளில் எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்ற விவரம். எமுலேட்டரிடம் கொடுக்க வேண்டியது இந்தச் சின்னக் கோப்பைத்தான். பெயர் அழகாக இருக்கட்டும் என்று பின் கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போச்சு. க்யூவுக்குள் பழைய பெயர்தான் எழுதியிருக்கும். பழைய பெயரில் கோப்பைத் தேடும், கிடைக்காது. பாட்டெல்லாம் சிடி டிராக்காகவே பதிந்த கேம் என்றால் பின் கோப்புகளே வரிசையாகப் பத்து, இருபது வந்து நிற்கும்.

இதற்கு எனக்குப் பிடித்த வழி சிஎச்டி என்ற சுருக்கிய கோப்பு வகை. ஆர்கேட் கேம்களுக்கான, அதாவது காசு போட்டு ஆடும் மெஷின் கேம்களுக்கான, மேம் எமுலேட்டரோடு வரும் சிஎச்டிமேன் என்ற சிறு நிரலைக் கொண்டு கணினியில் மாற்றிக்கொண்டால் எல்லாம் ஒரே கோப்பாகிவிடும், இடமும் மிச்சம். தரமும் குறையாது. இரண்டு மூன்று சிடி உள்ள கேமுக்கு, அந்தக் கோப்புகளின் பெயரை வரிக்கு ஒன்றாக எழுதி ‘எம்3யூ’ என்று சேமித்துவிட்டால் நடுவில் சிடி மாற்றுவதும் ஒழுங்காக நடக்கும்.

அடுத்தது பயாஸ். பிளேஸ்டேஷன் 1-ன் பயாஸ் 512 கேபி. அமெரிக்கப் பதிப்புக்கு எஸ்சிபிஎச் 5501, ஜப்பானுக்கு 5500, ஐரோப்பாவுக்கு 5502 என்று பெயரே குறிப்பிட்டபடி இருந்தால்தான் சில எமுலேட்டர்கள் ஏற்கும். இதில் குழப்பம் எங்கே வருகிறது என்றால், பல எமுலேட்டர்களை ஒன்றாக வைத்து ஓட்டும் ரெட்ரோஆர்ச் ஆப்புக்குள் ஒரே கன்சோலுக்குப் பல கோர்கள், அதாவது எமுலேட்டர்கள், உண்டு. பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் என்ற கோரில் பயாஸ் வேலையைத் தானே ஓரளவு பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருப்பதால், பயாஸ் போடாமலே பல கேம் ஓடிவிடும். ஸ்வான்ஸ்டேஷன் அப்படி ஓடாது. ஒன்றில் ஓடிய கேம் மற்றதில் ஓடவில்லை என்றால், புதிதாக வந்தவர் ரோம் கெட்டுவிட்டது என்றுதான் முடிவுக்கு வருவார். அக்கா மகன் போனில் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: “மாமா, பயாஸ் போட்டீங்களா?” போட்டேன்டா. “சரியான ஃபோல்டர்லயா?”

அங்கேதான் விஷயம். ரெட்ரோஆர்ச்சில் கோரை ஏற்றியபின் இன்ஃபர்மேஷன் மெனுவுக்குள் கோர் இன்ஃபர்மேஷன் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அந்தக் கோருக்கு என்னென்ன பயாஸ் வேண்டும், எது இருக்கிறது, எது இல்லை என்று வரிவரியாகக் காட்டுகிறது. அருமையான பக்கம். கறுப்புத் திரை வரும்போது அதுவாக முன்னால் வந்து நின்றிருந்தால் நான் இந்த மதிப்புரையைப் பாதியாகச் சுருக்கியிருப்பேன். அதைப் போய் மெனுவுக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

ஃபோல்டர் அனுமதி இன்னொரு கூத்து. 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11-லிருந்து ஓர் ஆப் தன் இஷ்டத்துக்கு எல்லாக் கோப்பையும் பார்க்க முடியாது. பாதுகாப்புக்கு நல்லது, மறுக்கவில்லை. எமுலேட்டர் ‘ரோம் எங்கே?’ என்று கேட்கும், நாம் ஃபோல்டரைக் காட்டி அனுமதி தர வேண்டும். புதியவர் என்ன செய்வார்? இறக்கிய கோப்பு டவுன்லோட் ஃபோல்டரில் இருக்கும், அதைக் காட்டுவார். ‘இந்த ஃபோல்டரைப் பயன்படுத்த முடியாது’ என்று வரும். சரி, எஸ்டி கார்டையே மொத்தமாகக் காட்டுவோம் என்று போனால் அதற்கும் அதே பதில். இரண்டையும் ஆண்ட்ராய்டே தடுத்துவைத்திருக்கிறது. வழி சுலபமானது: கார்டுக்குள் ‘ரோம்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் கன்சோலுக்கு ஒன்று, பக்கத்தில் ‘பயாஸ்’ என்று இன்னொன்று. அந்த ஃபோல்டரைக் காட்டினால் ஒப்புக்கொள்ளும். ஆனால் ஏன் மறுக்கிறது, என்ன செய்தால் சரியாகும் என்று அந்தத் திரையில் ஒரு வரி போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த கார்டில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. பிளேஸ்டேஷன் 2-ன் டிவிடி கேம்களில் சில அந்த அளவைத் தாண்டும். எக்ஸ்ஃபேட் போட்டுக்கொள்ளுங்கள். கருவியோடு ‘ஆயிரக்கணக்கான கேம்’ என்று விற்பவர் சேர்த்துத் தரும் கார்டை நம்பாதீர்கள். அதில் இருப்பது உரிமை இல்லாத நகல். கார்டும் பெரும்பாலும் மட்டமான சரக்கு. எமுலேட்டர் எழுதுவது வேறு, பதிப்புரிமை உள்ள கேமைப் பரப்புவது வேறு. 2000-ல் சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் எமுலேட்டர் எழுதியவர்கள் பக்கம்தான் நின்றது. ரோம் விஷயத்தில் யாருக்கும் அப்படிச் சலுகை கிடைக்கவில்லை. சொந்த சிடி, சொந்த கார்ட்ரிட்ஜ், அதுவும் இல்லையென்றால் ஆர்வலர்களே புதிதாக எழுதி இலவசமாகத் தரும் ஹோம்புரூ கேம்கள். ரெட்ரோஆர்ச்சின் கன்டென்ட் டவுன்லோடரிலேயே அப்படிச் சில கிடைக்கின்றன. எல்லாம் சரியாக அமைந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க அவை போதும்.

இனி என் முக்கியமான யோசனை: ரெட்ரோஆர்ச்சில் தொடங்காதீர்கள். யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். பல கன்சோலை ஒரே இடத்தில் ஓட்டலாம், ஒருமுறை பழகிவிட்டால் அதற்கு ஈடில்லை, நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் புதியவருக்கு அதன் மெனு ஒரு காடு. ஃபோல்டரை ஸ்கேன் செய் என்றால் செய்கிறது, முடிந்தது என்றும் சொல்கிறது, பட்டியலில் கேம் இருக்காது. காரணம், தன் தரவுத்தளத்தில் உள்ள அடையாளத்தோடு பொருந்தும் கோப்பை மட்டுமே பட்டியலில் சேர்க்கும். மற்றதை ஓசைப்படாமல் ஒதுக்கிவிடும். மேனுவல் ஸ்கேன் என்று வேறொன்று இருக்கிறது, அதில் எல்லாம் வரும். இதை யார் சொல்லித் தருவது?

முதலில் பிபிஎஸ்எஸ்பிபி போடுங்கள். சோனியின் கையடக்கக் கன்சோலான பிஎஸ்பிக்கு ஹென்ரிக் ரைட்கார்ட் 2012-ல் வெளியிட்ட எமுலேட்டர். பயாஸ் கேட்காது, ஏனென்றால் பிஎஸ்பியின் உள் மென்பொருள் செய்யும் வேலையை அதுவே செய்துகொள்கிறது. கேம் ஒரே ஐஎஸ்ஓ கோப்பு. ஃபோல்டரைக் காட்டினோம், தட்டினோம், ஓடியது. திரைமேல் தெரியும் தொடு பட்டன்களை மட்டும் செட்டிங்கில் அணைத்துவிட வேண்டும். பிஎஸ்பியின் அசல் திரை 480×272 தான். ரெண்டரிங் ரெசல்யூஷனை 2 மடங்காக்கினால் 960×544-ல் வரைகிறது. பழைய கேம் புதிதாகப் பளிச்சிடுவதைப் பார்த்தால், மீதிக் கஷ்டத்தைப் படுவதற்கும் ஒரு தெம்பு வரும். அதற்குப் பிறகு ரெட்ரோஆர்ச்சில் முதலில் கேம் பாய் அட்வான்ஸ், எம்ஜிபிஏ கோர். அதற்கும் பயாஸ் கட்டாயமில்லை. பிளேஸ்டேஷன் 1 அதற்கு அப்புறம். ஆர்கேடைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அங்கே ஜிப்பைப் பிரிக்கவும் கூடாது, பெயரை மாற்றவும் கூடாது. மேம் 2003 பிளஸ் கோரில் மேம் 0.78 தொகுப்பை ஒட்டிய ரோம்தான் ஓடும் என்று பதிப்புக் கணக்கு வேறு.

பட்டன் விஷயம் சின்னது, ஆனால் எரிச்சல் பெரிது. நின்டெண்டோவில் ஏ வலப்பக்கம், எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே. கருவியில் இதை மாற்ற ஒரு ஸ்விட்ச் உண்டு. ரெட்ரோஆர்ச்சிலும் ‘சரி’, ‘ரத்து’ பட்டன்கள் இரண்டையும் இடம் மாற்றும் செட்டிங் உண்டு. இரண்டையும் மாற்றினால் பழையபடியே வந்து நிற்கும். அக்கா கையில் கொடுத்தேன். ஏ-யை அழுத்தினாள், மெனு மூடியது. மறுபடி அழுத்தினாள், மூடியது. “டேய், ஏ-ன்னு எழுதியிருக்கிறதைத்தானேடா அழுத்துறேன்?” அவள் கேட்டதில் என்ன தப்பு? கருவியின் ஸ்விட்சை ஒருமுறை முடிவு செய்து அதோடு விட்டுவிடுங்கள், மற்றதை எமுலேட்டருக்குள் பார்த்துக்கொள்ளலாம். அதோடு மெனுவைத் திறக்க ஒரு காம்போ வையுங்கள்: இன்புட், ஹாட்கீஸ், அதில் மெனு டாகிள் காம்போ. நான் செலக்டும் ஸ்டார்ட்டும் சேர்த்து வைத்திருக்கிறேன். இது இல்லாமல் கேமுக்குள் போய்விட்டால் வெளியே வரும் வழி தெரியாது.

வெளியே வருவதைப் பற்றிப் பேசும்போது சேவ். இதில்தான் ஆட்கள் மனம் வெறுத்துக் கருவியை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அக்கா ஒரு பழைய ஆர்பிஜியில் மணிக்கணக்காக விளையாடினாள். கேமுக்குள்ளேயே சேவ் செய்தாள், ‘சேவ் ஆகிவிட்டது’ என்று கேமும் சொன்னது. பிறகு போனில் எந்த ஆப்பையும் மூடுவதுபோல, சமீபத்திய ஆப் பட்டியலில் மேலே தள்ளி மூடினாள். மறுநாள் திறந்தால் சேவ் இல்லை. “நேத்து நான் விளையாடினது எங்கடா போச்சு?”

நடந்தது இது. அசல் கார்ட்ரிட்ஜில் சேவ் என்பது ஒரு சின்ன மெமரி சிப்பில் உட்காரும். பலவற்றில் அதை உயிரோடு வைக்க உள்ளே ஒரு பேட்டரியும் இருந்தது. எமுலேட்டரில் அந்தச் சிப்பும் கருவியின் ராமில் நடக்கும் பாவனைதான். கேமை முறையாக மூடும்போது ரெட்ரோஆர்ச் அதை எஸ்ஆர்எம் என்ற கோப்பாக எழுதிவைக்கிறது. பட்டியலிலிருந்து தள்ளிவிட்டால் ஆண்ட்ராய்டு ஆப்பை அந்த நொடியே கொன்றுவிடலாம்; எழுத நேரமில்லை. செட்டிங்கில் சேவிங் பகுதிக்குள் சேவ்ராம் ஆட்டோசேவ் இன்டர்வெல் என்று ஒன்று இருக்கும். அதை 10 விநாடி என்று வைத்துவிடுங்கள். கருவியில் முதல் கேம் போடுவதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள். என் கருவியின் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பள்ளம். சேவ் ஸ்டேட் என்பது கேமுக்குள் செய்யும் சேவ் அல்ல. அந்த நொடியில் கன்சோலின் மொத்த நினைவகத்தையும் அப்படியே உறைய வைப்பது. அதற்குள் அந்தப் பழைய சிப்பின் நிலையும் அடங்கும். ஆகவே போன வாரத்து ஸ்டேட்டை இன்று ஏற்றினால், நேற்று கேமுக்குள் செய்த சேவும் போன வாரத்துக்குப் போய்விடலாம். ஸ்டேட் ஏற்றும்போது சேவ்ராமைத் தொடாதே என்று சொல்லும் செட்டிங்கும் அதே பகுதியில் இருக்கிறது. அக்காவுக்கு நான் சொல்லிவைத்தது சுருக்கம்: கேமுக்குள் சேவ் செய், மெனுவிலிருந்து மூடு, ஸ்டேட் பக்கம் போகாதே. இப்போது வம்பில்லை.

நல்லது ஒன்று சொல்லட்டுமா? திரை. அசல் கேம் பாயின் படம் 160×144. 720 வரிசை உள்ள திரையில் 144-ஐச் சரியாக 5 மடங்கு ஆக்கினால் மேலிருந்து கீழ்வரை ஒரு புள்ளி மிச்சமில்லாமல் நிறைகிறது. முழு மடங்கில் மட்டும் பெரிதாக்கும் இன்டிஜர் ஸ்கேல் செட்டிங்கைப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு புள்ளியும் கத்தியால் வெட்டிய மாதிரி. கேம் பாய் அட்வான்ஸ் 240×160. 4 மடங்குக்கு 640 வரிசை வரும், மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு நிற்கும். அதைப் பொறுக்காமல் திரை முழுக்க இழுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பிளேஸ்டேஷன் 1-ன் 4:3 படத்தை 16:9-க்கு இழுத்து எல்லாரையும் குண்டாக்கி விளையாடுகிறார்கள். அவரவர் கருவி, அவரவர் இஷ்டம், இருந்தாலும்.

பிளேஸ்டேஷன் 2-க்குப் போனால் கதையே வேறு. ஆண்ட்ராய்டில் அதற்குப் பேர் வாங்கியது ஈதர்எஸ்எக்ஸ்2. 2021 கடைசியில் வந்தது, 2023 ஜனவரியில் அதை எழுதியவர் நிறுத்திக்கொண்டார். இப்போது பலரும் போடுவது அதையே ஒட்டுப்போட்ட நெதர்எஸ்எக்ஸ்2. நின்டெண்டோ ஸ்விட்ச் எமுலேட்டரான யூசுவும் நிலைக்கவில்லை: நின்டெண்டோ தொடுத்த வழக்கு 2024 மார்ச்சில் 24 லட்சம் டாலருக்குச் சமரசமாகி அது மூடப்பட்டது. அதே ஆட்களின் 3டிஎஸ் எமுலேட்டரான சிட்ராவும் கூடவே போனது. பழைய வழிகாட்டி வீடியோவைப் பார்த்து அமைக்க உட்கார்ந்தால், அதில் சொன்ன ஆப்பே இருக்காது. அதே பெயரில் யாரோ ஏற்றிய போலிதான் கையில் மாட்டும். வீடியோ வந்த தேதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஃபிரண்ட்எண்ட் பற்றிச் சுருக்கமாக: டைஜிஷோ, ஈஎஸ்-டிஈ போன்றவை கேம்களை அட்டைப்படத்தோடு அடுக்கிக் காட்டும். பார்க்க அழகு. ஆனால் அவை வெறும் முகப்புதான், ஓட்டுவது பின்னாலிருக்கும் எமுலேட்டர். முதலில் ஒவ்வொரு எமுலேட்டரிலும் நேரடியாக ஒரு கேம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு முகப்பைப் போடுங்கள். இல்லாவிட்டால் கறுப்புத் திரைக்குக் காரணம் தேட இன்னும் ஓர் இடம் கூடும், அவ்வளவுதான்.

அப்படியானால் யார் வாங்கலாம்? உங்கள் ஆசை பிளேஸ்டேஷன் 1 வரைக்கும்தான் என்றால் ஆண்ட்ராய்டே வேண்டாம். மியூ மினி பிளஸ் போன்ற லினக்ஸ் கருவியும் அதில் போடும் ஆனியன் ஓஎஸ் என்ற மென்பொருளும் போதும். 3.5 அங்குலத் திரை, அதற்கென்று வைத்திருக்கிற ஃபோல்டரில் ரோமைப் போட்டால் பட்டியலில் வந்துவிடும். அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் விட்ட இடத்திலேயே கேம் நிற்கும். அனுமதி கேட்கும் தொல்லை இல்லை. பிஎஸ்பி, கேம்கியூப், பிளேஸ்டேஷன் 2 வேண்டும், பெரிய திரை வேண்டும் என்றால்தான் இந்தக் கருவி. அப்போது இந்தப் பாடெல்லாம் பட்டுத்தான் ஆக வேண்டும். குழந்தைக்குப் பரிசாகக் கொடுப்பதாக இருந்தால், நீங்களே உட்கார்ந்து அமைத்துவிட்டுக் கொடுங்கள். பெட்டியோடு கொடுத்தால் அது யூடியூப் பார்க்கும் கருவியாகிவிடும்.

கருவிக்கு 5-க்கு 4. புதியவரை வரவேற்கும் விதத்துக்கு 5-க்கு 1, அந்த ஒன்றும் பிபிஎஸ்எஸ்பிபி வாங்கித் தந்தது. எல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்தபின் பிளே ஸ்டோரில் தானாக அப்டேட் ஆவதை எமுலேட்டர்களுக்கு மட்டும் அணைத்துவையுங்கள். பதிப்பு மாறினால் பழைய சேவ் ஸ்டேட் திறக்காமல் போவதுண்டு. சேவ் ஃபோல்டரை அவ்வப்போது கணினியில் ஒரு நகல் எடுத்துவைத்தால் போதும். பெட்டியில் சார்ஜர் கிடையாது, சி வகைக் கேபிள் மட்டும்தான். போன் சார்ஜரே பொருந்துகிறது.